ஜாவா செயலியில் சிங்கிள் சைன்-ஆன்: கேள்வி பதில்

கேள்வி: பழைய ஜாவா செயலி ஒன்றில் சிங்கிள் சைன்-ஆன் (ஒரே லாகினில் பல செயலிகளுக்குள் நுழையும் வசதி) சேர்க்க வேண்டும். அதற்கான நெறிமுறைகளில் எதை எடுப்பது, சாம்லா, ஓப்பன் ஐடி கனெக்டா?

பதில்: உங்கள் ஐடென்டிட்டி சர்வருக்கு (பயனர் யாரென்று சரிபார்க்கும் சர்வர்) இரண்டும் தெரியுமென்றால் ஓப்பன் ஐடி கனெக்ட். சாம்ல் 2.0 2005-லேயே வந்தது. அதில் எக்ஸ்எம்எல் கையொப்பத்தைச் சரிபார்ப்பது வம்பு பிடித்த வேலை. எதிர்ப்பக்கம் சாம்ல் மட்டும்தான் என்றால் வேறு வழியில்லை. எதுவானாலும் சரிபார்ப்பைச் சொந்தமாக எழுதாதீர்கள். ஸ்பிரிங் செக்யூரிட்டி என்ற ஜாவா நூலகத்தில் இரண்டுமே இருக்கின்றன.

கேள்வி: என் கணினியில் ஓடுகிறது. சர்வரில் போட்டால் ரீடைரக்ட் முகவரி (லாகின் முடிந்து திரும்பி வரும் முகவரி) பொருந்தவில்லை என்கிறது.

பதில்: செயலிக்கு முன்னால், கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் ப்ராக்ஸி நிற்கிறதா? பிரவுசர் எச்டிடிபிஎஸ்ஸில் வருகிறது, ப்ராக்ஸி அதை அவிழ்த்து வெறும் எச்டிடிபியாக உள்ளே தள்ளுகிறது. செயலி அதை நம்பி, திரும்பி வரும் முகவரியையும் எச்டிடிபி என்றே கட்டிவிடுகிறது. எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரை ப்ராக்ஸி அனுப்ப வேண்டும்; ஸ்பிரிங் பூட் அதைப் படிக்கும்படி அமைக்க வேண்டும்.

கேள்வி: லாகின் முடிந்து திரும்பும்போது ‘ஆத்தரைசேஷன் ரிக்வெஸ்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வருகிறது. எப்போதும் இல்லை, சில நேரம்தான்.

பதில்: அந்த ‘சில நேரம்’தான் துப்பு. கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் இரண்டு சர்வர் ஓடுகிறதா என்று பாருங்கள். லாகினுக்கு அனுப்பும்போது ‘ஸ்டேட்’ என்ற மதிப்பை முதல் சர்வர் தன் செஷனில் (அந்தப் பயனருக்கான தற்காலிக நினைவில்) வைக்கிறது. பயனர் இரண்டாவதில் வந்து இறங்கினால் அதற்கு ஒன்றும் தெரியாது. செஷனைப் பொது இடத்தில் வையுங்கள், இல்லையென்றால் ஒரே பயனரை ஒரே சர்வருக்கு அனுப்புங்கள்.

சொந்தக் கணினியிலும் இது வரும். லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கி 127.0.0.1-க்குத் திரும்பினால், பிரவுசருக்கு அவை வேறு வேறு தளங்கள்; செஷனை அடையாளம் காட்டும் குக்கி போகாது. இதில் நானே ஒரு மதியம் முழுக்கத் தொலைத்திருக்கிறேன்.

கேள்வி: பயனரின் மின்னஞ்சலையே அடையாளமாக வைக்கலாமா?

பதில்: வேண்டாம். மின்னஞ்சல் மாறும், வேலையை விட்டுப் போனவரின் முகவரி புதியவருக்குப் போகலாம், கூடவே பழையவரின் கணக்கும். லாகினுக்குப் பின் ஐடென்டிட்டி சர்வர் தரும் டோக்கனில் உள்ள ‘ஐஎஸ்எஸ்’ (டோக்கனைத் தந்த சர்வர்), ‘சப்’ (அது பயனருக்கு வைத்த அடையாளம்) இரண்டையும் சேர்த்துச் சாவியாக்குங்கள். மின்னஞ்சல் திரையில் காட்டத்தான்.

கேள்வி: டோக்கன் வந்தவுடனே காலாவதி என்கிறது.

பதில்: சர்வர் கடிகாரத்தைப் பாருங்கள். அது முன்னே ஓடினால் புது டோக்கனும் காலாவதியானதாகவே தெரியும்.

கேள்வி: லாக்அவுட் செய்தாலும், லாகினை அழுத்தினால் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடுகிறதே?

பதில்: நீங்கள் அழித்தது உங்கள் செயலியின் செஷனை மட்டும். ஐடென்டிட்டி சர்வரின் செஷன் உயிரோடு இருக்கிறது. அதன் லாக்அவுட் முகவரிக்கு, ஐடி டோக்கனையும் சேர்த்து, பயனரை அனுப்ப வேண்டும். அப்புறம், அங்கே வெளியேறினால் மற்ற செயலிகளும் கேட்டு நடந்தால் அவற்றிலிருந்தும் அவர் வெளியேறுவார். அது வேண்டுமா என்று முதலில் பயன்படுத்துபவர்களைக் கேளுங்கள்.