நிறம் பார்க்க மாட்டோம் என்று சொல்லும் ஏஜென்சியை நம்பலாமா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். இருவரும் தமிழர்கள். பிறந்த குழந்தை ஒன்றைத் தத்தெடுக்க இரண்டு ஏஜென்சிகளிடம் பேசினோம். முதல் இடத்தில், “கறுப்பினக் குழந்தைக்குச் சம்மதம் என்றால் சீக்கிரம் கிடைக்கும், கட்டணமும் குறைவு. நாங்கள் நிறம் பார்ப்பதில்லை, அன்பு இருந்தால் போதும்” என்றார்கள். இரண்டாவது இடத்தில் பயிற்சி வகுப்பு, ஏகப்பட்ட கேள்விகள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குவார்களா என்றுகூடக் கேட்டார்கள். எங்களுக்கு எந்த இனக் குழந்தையானாலும் சம்மதம். யாரிடம் போவது?

பதில்: உங்களைத் துருவித் துருவிக் கேட்டார்களே, அவர்களிடம் போங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் நீங்களும் அவர்களைக் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் அந்தக் ‘குறைந்த கட்டணம்’. சில தனியார் ஏஜென்சிகள் வெள்ளைக் குழந்தைக்கு ஒரு தொகை, கறுப்பினக் குழந்தைக்கு அதைவிடக் குறைந்த தொகை என்று வைத்திருந்தது அமெரிக்க ஊடகங்களில் பலமுறை வெளிவந்திருக்கிறது. கறுப்பினக் குழந்தைகளுக்குக் குடும்பம் கிடைப்பது கடினம், அதனால் சலுகை என்று காரணம் சொல்வார்கள். அந்தக் குழந்தைக்குப் பதினைந்து வயதாகும்போது “எனக்கு எவ்வளவு கட்டினீர்கள்?” என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? எனக்கு இதில் இரண்டாவது கருத்தே கிடையாது. இனத்துக்கு ஒரு விலை வைத்திருக்கும் இடத்தில் மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் வைக்கும் ஏஜென்சிகளும் உண்டு. அது வேறு, அது நியாயமானது.

அடுத்து, “நிறம் பார்ப்பதில்லை” என்ற பேச்சு. கேட்க இதமாகத்தான் இருக்கும். ஆனால் உலகம் பார்க்கும். கடைக்காரர் பார்ப்பார், டீச்சர் பார்ப்பார், ராத்திரியில் காரை நிறுத்தும் போலீஸ்காரர் பார்ப்பார். கறுப்பினப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை, குறிப்பாகப் பையன்களை, உட்காரவைத்துப் போலீஸ் நிறுத்தினால் கையை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது அங்கே வழக்கம். அதை உங்கள் வீட்டில் யார் சொல்லிக்கொடுப்பார்கள்? 1972-ல் கறுப்பினச் சமூகப் பணியாளர்களின் தேசியச் சங்கம் வெள்ளைக் குடும்பங்கள் கறுப்பினக் குழந்தைகளைத் தத்தெடுப்பதைக் கடுமையாக எதிர்த்தது. இனவெறி உள்ள நாட்டில் தாக்குப்பிடிக்கும் பக்குவத்தை அந்த வீடுகள் தர முடியாது என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. முடிவை நீங்கள் ஏற்க வேண்டாம், கவலையை ஏற்றுக்கொள்ளுங்கள். நாமும் நிறத்தால் ஒதுக்கப்பட்டவர்கள்தானே, நமக்குப் புரியும் என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் புரியும், அவ்வளவுதான். கறுப்பினத்தவரின் அனுபவம் வேறு.

அந்த ஏஜென்சி உங்கள் பெற்றோரைப் பற்றிக் கேட்டதே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. விசிட்டர் விசாவில் வரும் பாட்டி ஆறு மாதம்வரை குழந்தையோடு இருப்பார். குழந்தை நிறம் வரட்டும் என்று கடலை மாவு தேய்ப்பதும், “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கு” என்று கொஞ்சுவதும் நம் வீடுகளில் சாதாரணம். அந்த ‘இருந்தாலும்’ போதும், குழந்தையின் மனதில் தைத்துவிடும். தலைமுடியும் அப்படித்தான். இறுக்கமாகச் சுருண்ட முடியைத் தினமும் அலசி, காய்ந்ததும் வறட்டுச் சீப்பால் வாரினால் உடைந்து கொட்டும். கண்டிஷனர் போட்டு, ஈரத்தோடு, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். இதை நேரில் செய்துகாட்ட ஆள் வைத்திருக்கிறீர்களா என்று ஏஜென்சியிடம் கேளுங்கள். பயிற்சி நடத்துவோரில் கறுப்பினத்தவர் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

அப்புறம், வேறு இனக் குழந்தையைத் தத்தெடுத்த குடும்பங்களில் இரண்டு பேரிடமாவது பேசவைக்கச் சொல்லுங்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்களைக் காட்டுவார்கள், அது போதாது. பிள்ளை டீன் ஏஜில் இருக்கும் குடும்பம் வேண்டும். அப்படி வளர்ந்து பெரியவரான ஒருவரின் பேச்சையும் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது.

பெற்ற தாயை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பாருங்கள். டெக்சாஸில் குழந்தை பிறந்து 48 மணி நேரம் ஆகும்வரை தாய் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட முடியாது. அவருக்காகத் தனி வக்கீல் உண்டா, குழந்தையைத் தானே வளர்க்கும் வழியையும் அவரிடம் பேசினார்களா, கொடுத்த பிறகும் கவுன்சலிங் உண்டா என்று கேளுங்கள். “மனம் மாறாமல் நாங்கள் பார்த்துக்கொள்வோம்” என்று யாராவது சொன்னால், அந்தத் தாயை நெருக்குகிறார்கள் என்று பொருள். அவர் மனம் மாறினால் நீங்கள் கட்டியதில் எவ்வளவு திரும்ப வரும் என்பது எழுத்தில் இருக்கட்டும். தனியார் தத்தெடுப்பில் செலவு 30,000 டாலரை எளிதாகத் தாண்டும். 2025-ம் ஆண்டுக்கான வரிச்சலுகை 17,280 டாலர் வரை உண்டு.

பிறந்த குழந்தைதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் அரசு ஃபாஸ்டர் கேர் (பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசுப் பொறுப்பில் வளரும் குழந்தைகள்) வழியையும் யோசியுங்கள். செலவு மிகக் குறைவு. 1994-ம் ஆண்டுச் சட்டமும் அதன் 1996 திருத்தமும், மத்திய அரசுப் பணம் வாங்கும் ஏஜென்சிகள் இனத்தைக் காரணம் காட்டித் தத்துக் கொடுக்க மறுப்பதையோ இழுத்தடிப்பதையோ தடுக்கின்றன. வேறு இனக் குழந்தையைக் கேட்பவர்களுக்கு மட்டும் தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்கவும் முடியாது. அதனால் அங்கே யாரும் உங்களிடம் இனத்தைப் பற்றிப் பேசாமலே போகலாம். பயிற்சி வேண்டும் என்று நீங்களே கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்கப் பழங்குடிக் குழந்தைகளைத் தத்தெடுப்பதில் உறவினருக்கும் பழங்குடிக் குடும்பங்களுக்கும் முன்னுரிமை தரும் 1978-ம் ஆண்டுத் தனிச் சட்டம் உண்டு, 2023-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தாய், தந்தை இருவரின் வழியிலும் பழங்குடித் தொடர்பை ஏஜென்சி விசாரிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் பின்னால் வழக்காகும்.

லைசென்ஸை டெக்சாஸ் சுகாதார, மனித சேவைத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஆய்வில் கண்ட குறைகளும் அதில் இருக்கும்.

பழைய மலாயாவிலும் சிங்கப்பூரிலும், வறுமையாலும் ஜாதக பயத்தாலும் கைவிடப்பட்ட சீனப் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தது உண்டு. புடவை கட்டி, தமிழ் பேசி வளர்ந்தார்கள். நம்மால் முடியாத காரியம் இல்லை இது. ஆனால் சீன மொழியோ சொந்தபந்தமோ தெரியாமல் வளர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். உங்கள் குழந்தைக்கு அப்படி ஆக வேண்டியதில்லை. பெற்ற தாயோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் திறந்த தத்தெடுப்பை இரண்டாவது ஏஜென்சி எப்படி நடத்துகிறது, கடிதம், போட்டோ, சந்திப்பு எல்லாம் எத்தனை வருடத்துக்கு என்று அடுத்த முறை போகும்போது கேளுங்கள். அம்மா அப்பாவிடம் அதற்கு முன்பே, இந்த வாரமே போனில் பேசிவிடுங்கள்.