ராத்திரி வண்டியில் தூங்கும் பேட்டரிகள்

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கிறேன். வேலை முடிய நள்ளிரவு ஆகிவிடுவதால் கேமரா பையை ஆம்னி வேனிலேயே விட்டுவிடுவேன். போன ஜனவரியில் தலைக்குந்தாவில் விடிகாலை ஆன் செய்தால், ஃபுல் சார்ஜ் போட்டிருந்த பேட்டரி பத்தே நிமிடத்தில் படுத்துவிட்டது. தெர்மாகோல் பெட்டியில் வைத்தால் சரியாகுமா?
(ஊட்டி வாசகர்)

பதில்: ஆகாது தம்பி. தெர்மாகோல் குளிரைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பெட்டிக்குள் சூடு தர எதுவும் இல்லையே! நள்ளிரவில் வைத்தது விடிவதற்குள் ஜில்லிட்டுவிடும். கேமராவைத் தூக்க முடியாவிட்டால் பேட்டரிகளை மட்டுமாவது அறைக்குக் கொண்டு போங்கள். நாலு பேட்டரி ஒரு ஸ்வெட்டர் பைக்குள் அடங்கும்.

வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். தாவரவியல் பூங்காவில் உறைபனிக் காலத்தில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியை வைத்து மூடுவார்களே, ஏன்? திறந்த வானத்தைப் பார்த்துக் கிடப்பதுதான் முதலில் உறையும். ஆம்னியின் கூரையும் அப்படித்தான். ஷெட், மரத்தடி, எது கிடைத்தாலும் நல்லது.

உங்கள் பேட்டரி செத்துவிடவில்லை. குளிரில் உள்ளே வேலை மந்தமாகி வோல்டேஜ் இறங்குகிறது; கேமரா அதைப் பார்த்து சார்ஜ் தீர்ந்ததென்று அணைந்துவிடுகிறது. சட்டைக்குள் அரைமணி வைத்துப் போட்டால் பெரும்பாலும் உயிர் வரும். அடுப்பு பக்கம் காட்டாதீர்கள்.

நிஜமான சேதம் வேறு இடத்தில் நடக்கிறது. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் விறைத்த பேட்டரியைச் சார்ஜரில் சொருகுவீர்களே, அங்கேதான். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம், பேட்டரிக்குள் அதை வாங்கிக்கொள்ளும் கிராஃபைட் என்ற கரிக்குள் போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் போன சக்தி பெரும்பாலும் திரும்பாது. உள்ளேயே ஷார்ட் ஆகவும் வழியுண்டு. நல்ல போன்கள் தானே சார்ஜை நிறுத்திவிடும், மலிவான பவர் பேங்க் பலவற்றுக்கு அந்த அறிவு கிடையாது. கையில் தொட்டால் சில்லென்று இருப்பது போகும் வரை பொறுங்கள்.

கேமராவையும் வண்டியிலிருந்து எடுத்து நேராகச் சூடான சமையலறைக்குள் கொண்டு போகாதீர்கள், லென்ஸுக்குள் வேர்த்துவிடும். வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள்.

வெயிலை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சூடு வாங்கியது அதில்தான். குன்னூரில் கேமரா ரிப்பேர் கடை வைத்திருக்கிற நானே, ஒரு ஏப்ரலில் மேட்டுப்பாளையத்தில் கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, கேமராவை டேஷ்போர்டு மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் பேட்டரி உப்பி, கேமராவில் அதற்கான அறைக்குள் இறுகிக்கிடந்தது. கொக்கியைத் தள்ளினாலும் எழும்பவில்லை. ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கை பரபரத்தது. குத்துப்பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் ஆறவிட்டு, கவிழ்த்து உள்ளங்கையில் தட்டித்தட்டித்தான் எடுத்தேன். அதுவும் ஃபுல் சார்ஜில் இருந்தது. நிறைந்த சார்ஜும் சூடும் சேர்ந்தால் பேட்டரி இன்னும் சீக்கிரம் கெடும்.

ஊட்டிதானே என்று இருக்காதீர்கள். வெளியே 20 டிகிரி என்றாலும், மூடிய வண்டிக்குள் நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்தில் 40ஐத் தொட்டுவிடும். எப்படியும் வண்டியில் விட்டாக வேண்டுமென்றால் சீட்டுக்கு அடியில், நிழலில், பாதி சார்ஜில் விடுங்கள். உப்பிய பேட்டரி ஏதாவது இருந்தால் குப்பையில் போடாமல் கடைக்குக் கொண்டு வாருங்கள். வாசலில் மணல் நிரப்பிய பழைய பானை ஒன்று அதற்காகவே வைத்திருக்கிறேன்.