பதினொரு சீடர்கள் மட்டும் இருக்கும் மேசை

அன்புள்ள ஐயா,

இயேசு தன் சீடர்களோடு உண்ட கடைசி இராப்போசனத்தின் படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இணையத்தில் தேடினேன். ஜெர்மன் கலைஞர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1523இல் செய்த மரச்செதுக்குப் படம் கிடைத்தது. மூன்று தடவை எண்ணிவிட்டேன், சீடர்கள் பதினொரு பேர்தான். மேசையிலும் ஒரு கிண்ணத்தைத் தவிர எதுவும் இல்லை. அவ்வளவு பெரிய கலைஞர் இதில் தவறியிருப்பாரா?

எஸ்., நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் எண்ணியது சரி. ட்யூரரும் தவறவில்லை. பன்னிரண்டாவது சீடன், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், எழுந்து போய்விட்டான்.

இந்தக் காட்சியை வரைகிறவர்களுக்கு யூதாஸ் வேண்டும். பிளாரன்ஸில் காஸ்டாக்னோ என்ற ஓவியர் அவனை மட்டும் மேசைக்கு இந்தப் பக்கம் தனியாக உட்காரவைத்தார். மிலானில் லியோனார்டோ எடுத்துக்கொண்டதோ, ‘உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்’ என்று இயேசு சொன்னதும் எல்லோரும் பதறுகிற நொடி. எப்படியானாலும் நம் கண் முதலில் துரோகியைத்தான் தேடும்.

யோவான் சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யூதாஸ் அப்பத் துணிக்கையை வாங்கிக்கொண்டு வெளியே போகிறான், அப்போது இரவு. அதற்குப் பிறகுதான், மிச்சம் இருப்பவர்களிடம், ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள் என்கிற புதிய கட்டளையை இயேசு கொடுக்கிறார். ட்யூரர் பிடித்தது அந்த நேரத்தை என்றுதான் நினைக்கிறேன். துரோகி போன பிறகு அந்த அறையில் என்ன பேசினார்கள் என்று யோசித்த கலைஞர் என்பதால்தான் எனக்கு அவர்மேல் இத்தனை பிரியம். 1510இல் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் ‘பெரிய பாடுகள்’ என்ற மரச்செதுக்குப் பட வரிசைக்காக இதே காட்சியை அவர் செய்திருந்தார். பதின்மூன்று வருடம் கழித்து மறுபடியும் அதற்குத் திரும்பி வருகிறார்.

அப்புறம் அந்த மேசை. பல பழைய படங்களில் அதன் நடுவே யூதர்களின் பஸ்கா பண்டிகைக்குப் பலியிட்ட ஆட்டுக்குட்டி வைத்த தட்டு இருக்கும். இங்கே தட்டு தரையில் கிடக்கிறது, அதுவும் காலியாக. பக்கத்தில் அப்பக் கூடையும் திராட்சரசக் குடமும். மேலே கிண்ணம் மட்டும். அன்றைய திருச்சபையில் சாதாரண மக்களுக்கு அப்பம் மட்டுமே கிடைத்தது, கிண்ணம் குருவுக்கு உரியது. இரண்டும் எல்லோருக்கும் வேண்டும் என்றார், திருச்சபையில் சீர்திருத்தம் வேண்டும் என்று கிளம்பிய ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர். குரு நடத்தும் பூசை என்பது திரும்பவும் செலுத்தப்படும் பலி அல்ல என்றும் சொன்னார். காலித் தட்டை இந்த வாதத்தோடு சேர்த்துப் படிக்கும் கலை வரலாற்றாசிரியர்கள் உண்டு. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. 1521இல் லூத்தர் பிடிபட்டுவிட்டார் என்ற செய்தி கேட்டு ட்யூரர் தன் பயணக் குறிப்பில் புலம்பியிருக்கிறார். லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது 1522 செப்டம்பரில், அதாவது இந்தப் படத்துக்கு முந்தைய வருடம். ட்யூரரின் ஊரான நியூரம்பெர்க் லூத்தரின் சீர்திருத்தத்தை ஏற்றது 1525இல்.

இன்னொன்று, இது கோயில் சுவருக்காக வரைந்த ஓவியம் இல்லை. கிட்டத்தட்ட ஏ4 தாள் அளவுதான். மரக்கட்டையில் கோடுகளை மட்டும் மேடாக விட்டு, மற்றதைச் செதுக்கி எடுத்து, மை தடவிப் பல பிரதிகள் அச்சடிப்பார்கள். வாங்கியவர் வீட்டில் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் எண்ணியது போலவே, தலைகளை ஒவ்வொன்றாக எண்ணியிருப்பார்.

நேரம் கிடைத்தால் 1510 படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1523 படத்தில் பின்சுவர் எவ்வளவு வெறுமையாக இருக்கிறது, அதில் அந்த வட்ட ஜன்னல் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று கவனித்துவிட்டு எழுதுங்கள்.