கீமோகைன் கூப்பிட்டால் போகிற புற்றுநோய்

கேள்வி: மார்பகத்தில் வந்த புற்றுநோய் எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று சில இடங்களையே தேடிப் போவது ஏன்? கீமோகைன்தான் காரணம் என்று படித்தேன். கீமோதெரபிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பெயரில் உள்ள 'கீமோ'வைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. கீமோதெரபி வெளியிலிருந்து ஏற்றுகிற மருந்து, கீமோகைன் நம் உடம்பே சுரக்கும் குட்டிப் புரதம். மனிதர்களிடம் ஏறக்குறைய 50 வகை இருக்கிறது. காலில் முள் குத்தினால் வெள்ளை அணுக்கள் அந்த இடத்துக்கு எப்படி வழி கண்டுபிடிக்கின்றன? அங்கே இருக்கிற செல்கள் கீமோகைனைக் கசியவிடும், எறும்பு வாசனை பிடித்துப் போகிற மாதிரி, அடர்த்தி எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கமாக அணுக்கள் ஊர்ந்து வந்து சேரும். வாசனை பிடிக்கிற மூக்கு என்று செல்லின் மேலுள்ள ஏற்பியைச் சொல்லலாம்.

சரி, புற்றுநோய்க்கு வருவோம். 1889-ல் ஸ்டீபன் பாஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டினார். 241 பேருக்குக் கல்லீரலில் கட்டி, மண்ணீரலில் வெறும் 17 பேருக்கு. ரத்தம் இரண்டுக்கும்தானே போகிறது? விதை எங்கே வேண்டுமானாலும் விழலாம், தோதான மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர். அந்த மண்ணில் என்னதான் இருக்கிறது என்பதற்கு ஒரு பதில் கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 2001-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வில், மார்பகப் புற்றுநோய் செல்களின் மேல் சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பி ஏராளமாக இருப்பதும், அதற்கான கீமோகைனான சிஎக்ஸ்சிஎல்12 நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை, நிணநீர்க் கணுக்களில் அதிகமாகச் சுரப்பதும் தெரியவந்தது. எலிகளில் அந்த ஏற்பியை அடைத்தபோது பரவலும் குறைந்தது. வெள்ளை அணுவின் மூக்கைப் புற்றுநோய் செல் திருடி மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது ஒன்றே காரணம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரத்தம் ஓடும் பாதைக்கும் பங்கு உண்டு, போய்ச் சேர்ந்த செல்களிலும் பெரும்பாலானவை அங்கேயே செத்துவிடும்.

கேள்வி: அப்படியென்றால் கீமோகைனை மொத்தமாக அடைத்துவிட்டால் புற்றுநோய் நின்றுவிடாதா?

பதில்: நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். சிக்கல் என்னவென்றால், ஒரே கட்டிக்குள் இரண்டு கட்சிக்கும் கீமோகைன் வேலை செய்கிறது. சிசிஎல்2 என்ற கீமோகைன் மோனோசைட்டுகள் என்ற ஒருவகை வெள்ளை அணுக்களைக் கூப்பிடும், அவை உள்ளே வந்து மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் அணுவாக மாறி, பல சமயம் கட்டிக்கே சேவகம் செய்யும். சிஎக்ஸ்சிஎல்8 புது ரத்தக் குழாய் முளைக்க உதவும். சிசிஎல்22 நோய் எதிர்ப்பை அடக்குகிற டி செல்களை (இவையும் ஒருவகை வெள்ளை அணுக்கள்தான்) வரவழைக்கும். இதெல்லாம் எதிர்க்கட்சி. சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10 இரண்டும் கட்டியைக் கொல்கிற டி செல்களைக் கூட்டி வருபவை, அவற்றையும் சேர்த்து அடைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

இன்னொரு சங்கடம் எலிகளில் தெரிந்தது. சிசிஎல்2-வைத் தடுத்துவைத்து, பிறகு மருந்தை நிறுத்தினார்கள். மஜ்ஜைக்குள் அடைபட்டிருந்த மோனோசைட்டுகள் மொத்தமாக வெளியே கிளம்பி, பரவல் முன்பைவிட மோசமானது. 2014-ல் வெளிவந்த முடிவு இது.

அதற்காக எதுவும் பலிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். எய்ட்ஸ் வைரஸுக்காகச் சோதித்துப் பார்த்த பிளெரிக்ஸாஃபோர் என்ற மருந்து சிஎக்ஸ்சிஆர்4-ஐ அடைக்கும். அதைக் கொடுத்தவர்களுக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறின, காரணம் மஜ்ஜையில் அணுக்களைப் பிடித்துவைத்திருந்த பிடி தளர்ந்ததுதான். 2008-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஆனால் எய்ட்ஸுக்கு அல்ல, லிம்ஃபோமா, மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்கள் உள்ளவர்களிடமிருந்து ஸ்டெம் செல் (புது ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்) சேகரிக்க! அப்புறம் மோகாமுலிசுமாப் என்ற மருந்து. சிசிஆர்4 ஏற்பி உள்ள ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்காக ஜப்பானில் 2012-ல் வந்தது. ஆனால் அது வழியை அடைப்பதைவிட, அந்த ஏற்பியை அடையாளமாக வைத்து செல்லையே கொல்லவைக்கிறது.

கேள்வி: ரத்தத்தில் கீமோகைன் அளவு பார்த்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாமா?

பதில்: வேண்டாம். சாதாரணத் தொற்றோ காயமோ வந்தாலே சிஎக்ஸ்சிஎல்8 ஏறும், அந்த எண்ணைப் பார்த்துப் பயந்துபோவதுதான் மிச்சம். உங்கள் வயதுக்கு மருத்துவர் சொல்கிற வழக்கமான பரிசோதனைகளை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.