கதவைத் திறந்தும் வெளியே வராத கறிக்கோழிகள்

கேள்வி: நூறு பிராய்லர் குஞ்சுகள் வாங்கி, ஐந்தாவது வாரத்தில் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டேன். எதிரிலேயே அரை ஏக்கர் புல்தரை. பத்து கோழிகூட வெளியே போகவில்லை, தீவனத்தட்டைச் சுற்றியே படுத்துக் கிடக்கின்றன. தீவனத்தைப் பாதியாகக் குறைத்தால் மேயப் பழகுமா?

பதில்: தயவுசெய்து பாதியாகக் குறைக்காதீர்கள். ஆறேழு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும் இனம் அது. உடம்பு ஏறும் வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காது. பட்டினி போட்டால் எடை குறையும், ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். மாடுபோலப் புல்லின் நாரைச் செரிக்கக் கோழியால் முடியாது. பூச்சி, புழு, விதை, இளந்தளிர் ஆகியவைதான் அதற்கு மேய்ச்சல். அதுவும் பிராய்லருக்குத் துணைத் தீனிதான், தீவனச் செலவைப் பெரிதாகக் குறைக்காது.

சரி, வெளியே ஏன் வரவில்லை? உங்கள் புல்தரையில் மரமோ புதரோ இருக்கிறதா? கோழியின் மூதாதை காட்டுக்கோழி, புதருக்குள் வாழ்ந்த பறவை. தலைக்கு மேல் மறைவு இல்லாத வெட்டவெளி அதற்குப் பருந்து வரும் இடம். வாசலிலிருந்து நான்கைந்து அடிக்கு ஒன்றாகத் தாழ்வான நிழல்பந்தல் போடுங்கள், ஓலையோ நிழல்வலையோ போதும். ஒரு பந்தலில் இருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போகும். தண்ணீரையும் அங்கேயே வையுங்கள்.

இரவில் தீவனத்தட்டை எடுத்துவிட்டு, காலையில் முதலில் கதவைத் திறங்கள். ஒரு மணி நேரம் கழித்து வழக்கமான அளவைக் கொடுங்கள். காலைப்பசி இருக்கும்போதுதான் காலால் தரையைக் கிளறும். வெயில் ஏறினால் எந்தக் கோழியும் நிழலை விட்டு நகராது.

ஆனால் ஐந்தாம் வாரம் தாமதம்தான். அடுத்த பேட்சுக்கு, குஞ்சுகளைச் சூடாக வைத்து வளர்க்கும் புரூடரிலேயே வேர்மண்ணோடு பெயர்த்த புல்கட்டி ஒன்றை வையுங்கள். குஞ்சு இரண்டு காலாலும் சீய்த்து, ஓரடி பின்வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்க்கும். அந்தப் பழக்கம் சின்ன வயதிலேயே வரவேண்டும். இறகு முளைத்து மூடியதும், மூன்று நான்கு வாரத்தில், குளிர் இல்லாத நாளில் வெளியே விடலாம். மெதுவாக வளரும் இனமாக எடுத்தால் இன்னும் நல்லது, பத்துப் பன்னிரண்டு வாரம் ஆனாலும் நன்றாக ஓடி மேயும்.

புல் கோழியின் நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்திருந்தால் வெட்டிவிடுங்கள். நீளப் புல் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். புல் தின்னும் கோழிக்கு, வயிற்றில் தீனியை அரைக்கப் பொடிக்கல் கட்டாயம்.

அப்புறம், ஒரே இடத்தில் நாள்கணக்கில் மேயவிடாதீர்கள். எச்சம் சேர்ந்து ஈரமான தரையில்தான் ரத்தக்கழிச்சல் பரவும். வலைவேலியால் தரையைப் பிரித்து மாற்றி மாற்றி விடுங்கள். எச்சத்தில் ரத்தம் தெரிந்தாலோ, இறகைத் தளர்த்திக்கொண்டு கூனி நின்றாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இருட்டுவதற்குள் எண்ணிப் பார்த்து அடைத்துவிடுங்கள்.