சிவப்புத் திட்டுதான் கட்டியா?

கேள்வி: அம்மாவின் மேமோகிராம் ரிப்போர்ட்டோடு ஏஐ குறியிட்டுக் காட்டிய கலர் படம் ஒன்றும் கொடுத்தார்கள். மார்பின் மேல்பக்கம் பெரிய சிவப்புத் திட்டு. கட்டி அவ்வளவு பெரிதா? பயமாக இருக்கிறது.

பதில்: திட்டின் அளவு கட்டியின் அளவு அல்ல. இப்படி வண்ணம் பூசும் முறைகளில் அதிகம் புழங்குவது கிராட்-கேம். படத்தின் எந்தப் பகுதி மாடலின் (படத்தைப் பார்த்து முடிவு சொல்லும் ஏஐ நிரல்) முடிவுக்கு அதிகம் காரணம் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, அங்கே சிவப்பு காட்டும். கணக்கு நடப்பது மாடலின் கடைசி அடுக்குகளில். ரெஸ்நெட்-50 என்ற பிரபலமான மாடலுக்கு 224-க்கு 224 பிக்சல் படம் கொடுத்தால், அங்கே மிஞ்சுவது 7-க்கு 7, வெறும் 49 கட்டங்கள். 24 செ.மீ. அகலப் படத்தில் ஒரு கட்டமே சுமார் 3.4 செ.மீ.! அதை மழுங்கடித்துப் படத்தின்மேல் போர்த்தினால் 8 மி.மீ. கட்டியும் எலுமிச்சம்பழம்போலத் தெரியும்.

எனக்குக் கவலை வேறு. அரை மி.மீ.கூட இல்லாத கால்சியம் புள்ளிகள் கூட்டமாக இருந்தால் அது ஆரம்பநிலைப் புற்றுநோயாக இருக்கலாம். 224 பிக்சலுக்குச் சுருக்கிய படத்தில் ஒரு பிக்சலே 1 மி.மீ.-க்கு மேல், புள்ளிகள் கரைந்துபோகும். அதனால் நல்ல மென்பொருள்கள் படத்தை முழுஅளவிலோ துண்டுதுண்டாகவோ பார்க்கின்றன.

நீங்கள் பார்க்க வேண்டியது ரேடியாலஜிஸ்ட் எழுதிய பை-ராட்ஸ் எண், அதாவது புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு, அடுத்து என்ன செய்வது என்று சொல்லும் எண். 0 என்றால் கூடுதல் படம் வேண்டும். 3 என்றால் பொதுவாக 6 மாதத்தில் மறுபரிசோதனை. 4, 5 என்றால் பயாப்சி (திசுவை எடுத்துச் சோதிப்பது); கலர் படம் முழுக்க நீலமாக இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஸ்கேன் சென்டரில் ஏஐ வாங்கப் போகிறோம். சிவப்பு சரியான இடத்தில் விழுந்தால் நம்பலாமா?

பதில்: அது மட்டும் போதாது. சிவப்பு ‘எங்கே’ என்று சொல்லும், ‘ஏன்’ என்று சொல்லாது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் 2019-ல் காட்டியது இது: சாதாரண மச்சத்தின் பக்கத்தில் மார்க்கர் பேனா கோடு இருந்தாலே மாடல் மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) மதிப்பெண்ணை ஏற்றிவிட்டது. உங்கள் படங்களில் அந்தக் கோட்டின் வேலையை ஓரத்தில் உள்ள இடது-வலது குறி எழுத்துகள் செய்யக்கூடும்.

வாங்குமுன் மறைத்துப் பாருங்கள். பயாப்சியில் உறுதியான பழைய படங்களை எடுத்து, சிவப்பு விழுந்த இடத்தை மூடி மறுபடி ஓட்டுங்கள். கருப்பால் மூடாதீர்கள், மாடல் பழகாத கருப்புக் கட்டமே மதிப்பெண்ணைக் குலைக்கும். சுற்றியுள்ள திசுவின் சராசரிச் சாம்பல் நிறம் போதும். மதிப்பெண் சரிந்தால் மாடல் அந்த இடத்தைத்தான் பார்த்திருக்கிறது. அசையவே இல்லை என்றால் ஓர எழுத்துகளை மூடிப் பாருங்கள். அப்போது சரிந்தால் வாங்காதீர்கள்.