உயர்த்திய பழைய பிக்கப்பில் புது ஸ்டீயரிங் கிட்: எங்கே கவனம் வேண்டும்?

கேள்வி: என் பிக்கப் முப்பது வருடத்துக்கு மேல் பழசு. முன்பக்கம் ஒரே தண்டாக வரும் ஆக்சில், லீஃப் ஸ்பிரிங். 4 அங்குலம் உயர்த்திய பிறகு பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் தானாகவே திரும்புகிறது. தடித்த டை ராட் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பி), டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி), நக்கிளின் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பகுதி) மேல் பொருத்தும் ஆர்ம்கள் என முழு கிட் வாங்கிவிட்டேன். நானே மாட்டலாமா?

பதில்: மாட்டலாம். நட்டைச் சொன்ன அளவுக்கு இறுக்க நல்ல டார்க் ரெஞ்ச், பிட்மேன் ஆர்ம் (ஸ்டீயரிங் பாக்ஸின் தண்டில் மாட்டி டிராக் லிங்கை அசைக்கும் கை) கழற்றும் புல்லர், உறுதியான ஆக்சில் ஸ்டாண்ட் எல்லாம் இருந்தால் பொறுமையுள்ள ஒருவர் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் உங்கள் வண்டியின் நோயைத் தீர்க்கப்போவது கம்பியின் தடிமன் இல்லை, கம்பி நிற்கும் கோணம்.

டிராக் லிங்கின் ஒரு முனை சேஸோடு நிற்கிறது. மறுமுனை ஆக்சிலோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. லிங்க் 90 செ.மீ நீளம், வண்டியை உயர்த்தியதால் இரு முனைகளுக்கும் 15 செ.மீ உயர வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் 8 செ.மீ மேலே ஏறினால் கீழ்முனை பக்கவாட்டில் சுமார் 1 செ.மீ தள்ளப்படும். அதே 8 செ.மீ கீழே இறங்கினால் 1.7 செ.மீ இழுக்கப்படும். நக்கிள் ஆர்ம் 15 செ.மீ நீளமானால், அந்த 1 செ.மீ தள்ளலே சக்கரத்தைக் கிட்டத்தட்ட 4 டிகிரி திருப்பிவிடும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடவே வேண்டாம். அதே லிங்க் படுக்கையாக நின்றால் ஏற்றத்திலும் இறக்கத்திலும் அசைவு 4 மி.மீட்டரைத் தாண்டாது. நக்கிளின் மேலே ஆர்மை ஏற்றும் கிட் செய்வது இதைத்தான்: கீழ்முனையை மேலே தூக்கி லிங்கைப் படுக்க வைக்கிறது. பிட்மேன் ஆர்மைக் கீழே நீட்டியும் கோணத்தைக் குறைக்கலாம். ஆனால் அது ஸ்டீயரிங் பாக்ஸின் தண்டை வளைக்கப் பார்க்கும் விசையைக் கூட்டும். பழைய பாக்ஸுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

(காயில் ஸ்பிரிங் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் டிராக் பாரும் டிராக் லிங்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் நிலைமை மோசமாகும்.)

கிட்டைப் பிரிக்கும் முன் பழையதைச் சோதியுங்கள். வண்டி தரையில், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சின் ஓடட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டட்டும். நீங்கள் வெளியே ஓரமாக இருந்து ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல் வைத்துப் பாருங்கள். பிளே (தளர்வான ஆட்டம்) இருக்கும் மூட்டில் ‘டக்’ என்ற தட்டல் விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். பாக்ஸுக்குள் போகும் தண்டு அசைந்து, பிட்மேன் ஆர்ம் தாமதமாக அசைந்தால் குறை பாக்ஸில்தான். மேலே இருக்கும் திருகை இறுக்கிச் சரிசெய்யலாம் என்று பலர் சொல்வார்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் உள்ளே பல் தேய்ந்து பாக்ஸே போய்விடும்.

அப்புறம், பாக்ஸ் பொருத்திய இடத்தில் சேஸை ஒயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்து பாருங்கள். போல்ட் துளையிலிருந்து மெல்லிய துருக்கோடு ஓடினால் அது விரிசல். பெரிய டயர் போட்ட பழைய வண்டிகளில் இது வரும். அங்கே பிளேட் வைத்து வலுப்படுத்தாமல் கிட் மாட்டுவதில் அர்த்தமில்லை.

இனி மாட்டும் வேலை. டேப்பரில் (ஒரு முனை நோக்கிக் குறுகும் கம்பி, அதே வடிவத் துளைக்குள்) இறுகிய பழைய மூட்டைக் கழற்ற, நட்டை ஒன்றிரண்டு புரி மட்டும் தளர்த்திவிட்டு, ஆர்மின் கண்ணின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓங்கி அடியுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று அடியில் விடும். பிட்மேன் ஆர்மை மட்டும் இப்படி அடிக்காதீர்கள், அதற்குப் புல்லர்தான்.

சில ஆக்சில்களில் நக்கிளின் மேல்மூடியே புது ஆர்மாக மாறும். மூடியின் அடியில் இருக்கும் ஷிம்கள் எனும் மெல்லிய உலோகத் தகடுகள்தான் நக்கிள் பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கின்றன. இடது பக்கத்து ஷிம் இடதுக்கே, வலது வலதுக்கே. இரண்டு தனிக் கிண்ணங்களில் போட்டு வையுங்கள்.

இந்த வேலையில் நான் அதிகம் பார்த்த தவறு ஸ்ப்ளிட் பின் விஷயத்தில் (நட் கழலாமலிருக்க, நட்டின் பள்ளம் வழியாகக் கம்பியின் துளையில் மாட்டும் பின்). நட்டை சொன்ன அளவுக்கு இறுக்கியாயிற்று, துளையும் பள்ளமும் நேராக வரவில்லை. உடனே நட்டைக் கொஞ்சம் பின்னால் தளர்த்திப் பின்னைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்த ஒரு வண்டியைப் பிரித்தபோது டேப்பர் கம்பியின் ஒரே பக்கம் கண்ணாடிபோல் தேய்ந்திருந்தது, ஆர்மின் துளை முட்டை வடிவமாகியிருந்தது. டேப்பர் சுற்றிலும் இறுகி உட்கார்ந்தால்தான் அது மூட்டு. நேராக வராவிட்டால் அடுத்த பள்ளம் வரும்வரை முன்னால் இறுக்குங்கள், ஒருபோதும் தளர்த்தாதீர்கள். பழைய பின்னையும் நைலான் வளைய நட்டுகளையும் திரும்பப் போடாதீர்கள். நக்கிளிலோ ஆர்மிலோ வெல்டிங், சூடுகாட்டி வளைத்தல் இரண்டும் கூடவே கூடாது.

எல்லாம் மாட்டியதும் சாலைக்குப் போகாதீர்கள். ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி ஸ்பிரிங்கை முழுதும் அமுக்கியும், பிறகு முழுதும் தொங்கவிட்டும், ஒவ்வொரு நிலையிலும் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை இரு பக்கமும் திருப்புங்கள். மேலே ஏறிய டை ராட் இப்போது லீஃப் ஸ்பிரிங்குக்கும் சேஸுக்கும் ஆயில் சம்ப்புக்கும் பக்கத்தில் வந்திருக்கும். எங்கும் முட்டக்கூடாது. பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதையும் அதே நேரத்தில் பாருங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம் ஆகட்டும், பரவாயில்லை.

டோ அளவை, அதாவது முன்சக்கரங்கள் உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும் அளவை, டை ராடில் வையுங்கள். டயர்களின் முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட 1.5 முதல் 3 மி.மீ குறைவாக இருந்தால் இப்படிப்பட்ட ஆக்சிலுக்குப் பொதுவாகச் சரி. ஸ்டீயரிங் வீல் நேராக நிற்பது டிராக் லிங்கின் நீளத்தைப் பொறுத்தது. அதற்காக டோவைத் தொடாதீர்கள். பிறகு அலைன்மெண்ட் கடையில் கேஸ்டரையும் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) பார்க்கச் சொல்லுங்கள். வண்டியை உயர்த்தியபோது அது குறைந்திருந்தால், கிட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. ஸ்டீயரிங் டேம்பரை (அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) கடைசியாக மாட்டுங்கள். முதலிலேயே மாட்டினால் நடுக்கத்தை மறைத்துவிடும், காரணம் தெரியாமல் போகும்.

இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் ஆர்மின் மேலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள். 100 கி.மீ ஓட்டிய பின் குனிந்து பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் அந்த நட் நகர்ந்திருக்கிறது. அந்த மூட்டைக் கழற்றி டேப்பரைத் துடைத்துப் பார்த்து மறுபடி இறுக்கிய பிறகே வண்டியை எடுங்கள்.